வெள்ளைத் தண்டும் பச்சைத் தண்டும்



அஸ்பராகஸ் என்றதும் ஏதோ பெரிய ஓட்டல் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு அதற்குப் பங்காளி முறை. எல்லைக்கு அந்தப் பக்கம் அதையே பில்லி பீசர என்பார்கள். நாம் கிழங்கை எடுக்கிறோம். ஐரோப்பாவில் அதே இனத்து வேறொரு செடியின் இளந்தண்டைச் சாப்பிடுகிறார்கள். அதில் பச்சை, வெள்ளை என இரண்டு உண்டு. ஜெர்மனியில் வெள்ளைக்குத்தான் மவுசு.

இரண்டும் ஒரே செடிதான். தண்டு வெளியே தலைகாட்டாதபடி மண் அணைத்து மூடினால் வெள்ளை, விட்டுவிட்டால் பச்சை. மதுரைப் பக்கம் முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பார்களே, அதே சங்கதி.

காரணம் என்ன? பச்சையத்துக்கு முந்தைய பொருளான புரோட்டோகுளோரோபிலைடு வரை செடி இருட்டிலேயே தயாரித்துவிடும். அதற்கு மேல் இரண்டு ஹைட்ரஜன் சேர வேண்டும். அதைச் சேர்க்கும் என்சைம் வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். மோட்டார் தயார், சுவிட்ச் போட ஆளில்லை என்கிற மாதிரி.

நிறம் மட்டுமல்ல வித்தியாசம். ரூட்டின் என்ற பிளேவனாய்டு பச்சையில் நிறைய, வெள்ளையில் ஏறக்குறைய இல்லை. வைட்டமின் சி-யும் பச்சையில்தான் அதிகம். வெள்ளைத் தண்டின் தோல் நாராக இருப்பதால் சீவித்தான் சமைக்க வேண்டும். அடிப்பகுதியில் சபோனின் கசப்பு வேறு. 1806-ல் வோக்லான், ரோபிகே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் செடியின் சாற்றிலிருந்துதான் அஸ்பராஜினைப் பிரித்தார்கள். முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட அமினோ அமிலம் அதுவே.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கீரை விற்கிறவங்க. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவங்க கேட்டது ஒரே கேள்வி: "அப்ப புளி ஊத்துனா கீரை ஏன்டா கறுக்குது? பழைய கீரையக் குடுத்துட்டேன்னு வந்து சண்ட போடுறாங்களே!"

நியாயமான கேள்வி. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் புளியின் அமிலம் சேர்ந்தால், ஹைட்ரஜன் வந்து மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். மிச்சம் பியோபைட்டின், அதன் நிறம் பழுப்புப் பச்சை. வெள்ளை அஸ்பராகஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது, போவதற்குப் பச்சையமே இல்லையே! சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும்தான். ஆனால் வைட்டமின் சி போய்விடும், கீரையும் கூழாகிவிடும். புளியைக் கடைசியில் ஊற்றிச் சீக்கிரம் இறக்குவதே நல்லது.

அம்மா இப்போது இதைச் சொல்லித்தான் கட்டைக் கையில் கொடுக்கிறாங்க. மக்னீசியம் என்ற பெயரை மட்டும் விட்டுவிடுவாங்க.