அழையாது வரும் வேலை: ஆராய்ந்து ஏற்கும் முறை

நம் தஞ்சைத் தரணியில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருமானம் கிடைப்பதில்லை. மேட்டூர் அணை திறப்பதற்குரிய நாள் ஜூன் 12. சம்பாவும் தாளடியும் தை, மாசி மாதங்களில் களத்துக்கு வந்துவிடுகின்றன. அதன் பின், வாய்க்காலில் மறுபடியும் தண்ணீர் வரும் வரையில் வயல் வேலை அருகிவிடுகிறது. நெசவாளர் இல்லங்களிலோ அடைமழைக் காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றுவிடுவதுண்டு. இத்தகைய நாட்களில்தான் கைப்பேசியில் வரும் ஒரு செய்தி நம் உள்ளத்தைக் கவருகிறது. “வீட்டிலிருந்தபடியே நாளொன்றுக்கு 2,000 ரூபாய் சம்பாதிக்கலாம், முன் அனுபவம் தேவையில்லை” என்கிறது அச்செய்தி. நாம் யாருக்கும் விண்ணப்பம் போடவில்லை. நம் பெயரையும் எண்ணையும் அவர்கள் எங்ஙனம் அறிந்தனர் என்பதும் தெரியவில்லை.

இவ்வாறு வருவன யாவும் பொய் என்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. சேலைக்கு உருவரை வரையத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கும், கணக்கு எழுதவும் தட்டச்சு செய்யவும் கற்ற நம் பெண்களுக்கும் வெளியூரிலிருந்து உண்மையான வேலை வருவதும் உண்டு. ஆகவே, ஏற்பதா விடுப்பதா என்று தீர்மானிக்க நமக்கு ஓர் அளவுகோல் தேவை. அவ்வளவுகோல் நம் தறியிலேயே இருக்கிறது.

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்திலும் பிற நெசவூர்களிலும் சங்க அங்கத்தினர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள்தாம். சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுக்கிறது. அங்கத்தினர் நெய்து கொடுக்கிறார். சங்கம் கூலி கொடுக்கிறது. சேலை விலையாவதால் கூலிக்குப் பணம் வருகிறது. வேலையளிப்பவரிடமிருந்து உழைப்பவருக்குப் பணம் வருவதே இதன் இயல்பு. “முதலில் நீ பணம் கட்டு, பிறகு உனக்குக் கூலி தருகிறேன்” என்று ஒருவர் சொல்வாராயின், அவர் நம் உழைப்பை விரும்பவில்லை, நம் சேமிப்பையே விரும்புகிறார் என்பது தெளிவு.

“சங்கத்தில் சேர நாமும் பங்குத் தொகை கட்டுகிறோமே?” என்று சிலர் வினவலாம். பங்குத் தொகை வேலைக்குக் கொடுக்கும் விலையன்று. அதற்கு ரசீது உண்டு. பேரேட்டில் நம் பெயர் உண்டு. பொதுக்குழுவில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி தணிக்கையும் உண்டு. முகமறியாதவர் கேட்கும் “பதிவுக் கட்டணம்”, “பயிற்சிக் கட்டணம்”, “வைப்புத் தொகை” ஆகியவற்றுக்கு இவற்றுள் ஒன்றேனும் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, இம்மோசடி நடைபெறும் விதத்தைக் காண்போம். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம், பகுதிநேர வேலை என்ற பெயரிலும் முதலீடு என்ற பெயரிலும் ஏமாற்றி வந்த நூற்றுக்கு மேற்பட்ட வலைத்தளங்கள் முடக்கப்பட்டதாக அறிவித்தது. ஓய்வு பெற்றோர், பெண்கள், வேலையற்ற இளைஞர் ஆகியோரே இவற்றின் இலக்கு என்றும், வெளிநாட்டிலிருந்து இவை இயக்கப்பட்டன என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. அதில் விவரிக்கப்பட்ட முறை வருமாறு: முதலில் இணையத்தில் ஒரு விளம்பரம்; அதைத் தொட்டதும் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் வாயிலாக ஒரு முகவர் பேசுவார்; காணொளிகளுக்கு விருப்பம் தெரிவிப்பதும், வரைபடத்தில் கடைகளுக்கு மதிப்பெண் இடுவதுமே வேலை; தொடக்கத்தில் சிறிது கமிஷன் வந்து சேரும்; நம்பிக்கை பிறந்ததும், அதிக லாபத்துக்கு அதிகப் பணம் போடச் சொல்வர்; பெருந்தொகை போட்டவுடன் அது முடக்கப்படும்.

இதன் கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் 150 ரூபாய் இனாமாக வருகிறது. இரண்டாம் நாள் 1,000 ரூபாய் அனுப்பினால் 1,300 ரூபாயாகத் திரும்புகிறது. அடுத்து 10,000 ரூபாயும், அதை மீட்பதற்கென்று 50,000 ரூபாயும் போகின்றன. ஏமாற்றுவோன் இட்ட இரை 450 ரூபாய். அவன் பிடித்த மீன் 60,000 ரூபாய். ஆகையால், “முதலில் எனக்குப் பணம் வந்ததே” என்பது நேர்மைக்குச் சான்றாகாது. திரையில் லட்ச ரூபாய் இருப்பதாகக் காட்டும் இலக்கமும் பணமன்று. நம் வங்கிக் கணக்கில் வரவானதே பணம். அதை எடுக்க “வரி கட்டு” என்பது மற்றொரு தந்திரம். முறையான கூலியில் வரி இருப்பின், அதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்களேயன்றி, முன்கூட்டிக் கட்டச் சொல்ல மாட்டார்கள்.

வேலை ஒன்று வந்தால், கீழ்க்கண்ட ஐந்து சோதனைகளை வரிசையாகச் செய்து பார்த்தல் நலம்.

முதலாவது, ஆளைச் சோதித்தல். கம்பெனியின் பெயர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் வலைத்தளத்தில் பதிவாகியுள்ளதா என்று பார்க்கலாம். ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நல்ல கம்பெனியின் பெயரைப் பிறர் திருடிப் பயன்படுத்துவதுண்டு. எனவே, செய்தியில் கொடுத்த எண்ணை விடுத்து, அக்கம்பெனியின் சொந்தத் தளத்தில் நாமே தேடிக் கண்ட எண்ணில் அழைத்து, “இவர் உங்கள் ஆள்தானா?” என்று கேட்க வேண்டும். இச்சோதனை ஒன்றே பெரும்பாலான பொய்களை வெளிப்படுத்திவிடும்.

இரண்டாவது, வேலையைச் சோதித்தல். இவ்வேலையின் பயனை விலை கொடுத்து வாங்குபவர் யார்? ஒரு நொடியில் விரலால் தொடுவதற்கு நெசவாளரின் ஒரு நாட்கூலியைக் கொடுப்பதனால் யாருக்கு என்ன லாபம்? இதற்கு விடை கிடைக்கவில்லையாயின், அது வேலையன்று.

மூன்றாவது, பணம் செல்லும் திசையைச் சோதித்தல். எப்பெயரால் கேட்டாலும் முன்பணம் கொடுத்தல் கூடாது. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. “கூலி வருகிறது, இரகசிய எண்ணை அழுத்துங்கள்” என்றால், பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். “தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்புங்கள்” என்று ஒரு படத்தை அனுப்பினால், அப்படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கேட்கும் விவரங்களைச் சோதித்தல். கூலி செலுத்தக் கணக்கு எண்ணும் வங்கிக் கிளையின் குறியீடும் போதும். ஓ.டி.பி., இரகசிய எண், ஏ.டி.எம். அட்டை ஆகியவற்றை நேர்மையானவர் கேட்கமாட்டார். “உங்கள் கணக்கில் பணம் வரும், அதை வேறிடத்துக்கு அனுப்பினால் கமிஷன்” என்பது எல்லாவற்றினும் கொடிய வலை. அது வேறொரு குடும்பத்திடம் களவாடிய பணமாக இருக்கக்கூடும், கணக்கு முடக்கப்படும், கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரையே காவல்துறை முதலில் தேடி வரும்.

ஐந்தாவது, காலத்தைச் சோதித்தல். “இன்றே, இப்பொழுதே, யாரிடமும் சொல்லாதே” என்பவரை ஐயுற வேண்டும். “முதலில் சிறு வேலை ஒன்று தாருங்கள், அதற்குக் கூலி வந்தபின் மற்றதைச் செய்கிறோம்” என்று சொல்லிப் பார்க்கலாம். உண்மையானவர் இதற்கு உடன்படுவார். அல்லாதவர் சினந்துகொள்வார், அல்லது மறைந்துவிடுவார்.

தட்டச்சு வேலை தந்துவிட்டு, “பிழை மிகுந்துவிட்டது, ஒப்பந்தப்படி அபராதம் கட்டு, இல்லையேல் வழக்கு” என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற தாளை அனுப்பி மிரட்டுவதும் நடைபெறுகிறது. சில மணி நேரத்துக்குள் கைப்பேசி வழியே பணம் அனுப்பினால் தீர்ந்துவிடும் வழக்கு எந்த நீதிமன்றத்திலும் இல்லை. அஞ்சிப் பணம் கட்டாமல், அத்தாளை வழக்கறிஞரிடமோ காவல் நிலையத்திலோ காட்ட வேண்டும்.

கடல் கடந்த வேலைக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். ஒரு காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலேயாத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கப்பலேற்றிய நாடு இது. கங்காணி சொன்னதற்கும் அங்கே கண்டதற்கும் இருந்த வேற்றுமையை நம் முன்னோர் அறிவர். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் விடுத்த எச்சரிக்கையின்படி, தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு இளைஞர் மியன்மாருக்குக் கடத்தப்பட்டுச் சிறை வைக்கப்பட்டனர். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்பவரை நம்புதல் கூடாது. முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பின்னரே கடவுச்சீட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் பணம் போய்விட்டதாயின், வெட்கத்தால் மறைத்து வைத்தல் பெருங்கேடு. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் வங்கியிலும் தெரிவிக்க வேண்டும். திருடிய பணம் கணக்குக்குக் கணக்கு தாவி ஓடும். அது வெளியே எடுக்கப்படுமுன் புகார் சென்றால் இடைவழியில் நிறுத்தி வைக்க இயலும். ஆதலால் மணிக்கணக்கே முக்கியம். செய்திகள், எண்கள், பணம் அனுப்பிய சீட்டு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருத்தல் அவசியம்.

தனித்திருப்பவரையே ஏமாற்றுவோன் நாடுகிறான். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய புரை பத்துப் பேர் கூடிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும் அடுத்த கூட்டத்தன்று, அங்கத்தினர் தமக்கு வந்துள்ள இத்தகைய செய்திகளைக் கொண்டுவந்து வாய்விட்டுப் படித்து, மேற்கூறிய ஐந்து சோதனைகளையும் அவற்றின்மீது செய்து பார்க்கலாம். வீட்டிலுள்ள இளைஞரையும் பெண்களையும் அன்று உடன் அழைத்து வருதல் வேண்டும். அச்செய்திகள் பெரும்பாலும் வருவது அவர்கள் கைக்கே.