சிறு நிலையங்களின் பொருளியல்

முன்னுரை

போக்குவரத்தை நாட்டின் இரத்த ஓட்டம் என்பர். அவ்வோட்டம் இதயத்தின் அருகிலேயே நின்று, விரல் நுனியை எட்டாமற் போனால் விரல் மரத்துவிடும். பெரிய சந்திப்புகளைப் பற்றி எழுதியோர் பலர். நகரின் ஓரத்தில், உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதியில் அமையும் சிறு நிலையத்தைப் பற்றி எழுதுவோர் சிலரே. பொருளியல் பயிலும் மாணவி என்ற முறையில் அது குறித்து நான் எண்ணிப் பார்த்தவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

நம் நகரின் நிலையங்கள்

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வழியே கல்லிடைக்குறிச்சி வரை 1902இலும், அங்கிருந்து செங்கோட்டை வரை 1903இலும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. திருச்செந்தூர்ப் பாதை 1923இல் வந்தது. நாகர்கோவில் பாதை 1981 ஏப்ரல் 8ஆம் நாள் திறக்கப்பட்டது. செங்கோட்டைப் பாதையில் டவுன், பேட்டை. திருச்செந்தூர்ப் பாதையில் பாளையங்கோட்டை. நாகர்கோவில் பாதையில் மேலப்பாளையம் என நம் மாநகருக்குள்ளேயே சிறு நிலையங்கள் நான்கு உள்ளன.

இவற்றுள் மேலப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். தனி நகராட்சியாக இருந்த அவ்வூர் 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியுடன் இணைந்தது. ஒரு காலத்தில் கைத்தறிக்குப் பேர்போன ஊர். பின்னர் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றிக் குடும்பம் காத்த ஊர். செவ்வாய்தோறும் கூடும் மாட்டுச்சந்தையால் அயலூராரும் அறிந்த ஊர். மக்கள் திரளுக்குக் குறைவில்லை, நிலையமும் இருக்கிறது. ஆயினும் நெடுந்தூர விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. குலவணிகர்புரம் இரயில்வே கேட்டில் வெயிலில் காத்து நின்றவர்களுக்கு இது புரியும்: வண்டிக்கு வழிவிடும் கடமை அப்பகுதி மக்களுக்கு உண்டு; வண்டியில் ஏறும் வாய்ப்போ சிறிது. நிலையம் இருப்பது வேறு, நிலையம் பயன்படுவது வேறு. அதற்கு மூன்று கணக்குகள் சரியாக வேண்டும்.

முதற் கணக்கு: நடை

மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் பத்து நிமிடத்தில் சுமார் 800 மீட்டர் நடப்பார். நிலையத்தை நடுவாக வைத்து அந்த அளவில் ஒரு வட்டம் வரைந்தால், ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்பு அதனுள் அடங்கும். மதிற்சுவரும் சுற்றுவழியும் குறுக்கிட்டு, அதே பத்து நிமிடத்தில் நேர்தூரம் 400 மீட்டர்தான் கடக்க முடிகிறது என்று கொள்வோம். வட்டத்தின் ஆரம் பாதியானால் பரப்பு கால்பங்காகும்! நான்கு வீட்டாருள் மூவர் நிலையத்தை இழந்துவிடுகின்றனர். ஆகவே மக்கள் வாழும் பக்கம் ஒரு வாயிலும், அதற்கு ஒரு நடைபாதையும், மாலையில் எரியும் நான்கு விளக்குகளும் பளிங்குத் தளத்தைவிடப் பயன் மிக்கவை.

இரண்டாம் கணக்கு: காத்திருப்பு

பத்து நிமிடத்திற்கு ஒரு வண்டி வந்தால், கால அட்டவணை பாராமல் வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். மூன்று மணி நேரத்திற்கு ஒரு வண்டி என்றால், ஒன்றைத் தவறவிட்டவருக்கு அன்றைய வேலையே போய்விடும். அவர் மறுநாள் பேருந்துக்கே போவார். பிறகு ‘பயணிகள் இல்லை’ என்று வண்டியையும் குறைப்பர்! வண்டி குறைவதால் ஆள் குறைவதும், ஆள் குறைவதால் வண்டி குறைவதும் ஒரு நச்சுச் சுழல். சென்னையில் கடற்கரை – தாம்பரம் மின்சார இரயில் 1931 மே 11ஆம் நாள் தொடங்கியது. இன்றும் எழுத்தரும் பூ விற்பவரும் அதை நம்பி வீடு விட்டுப் புறப்படுவதற்குக் காரணம், ஒன்று போனால் அடுத்தது வரும் என்ற உறுதியே.

மூன்றாம் கணக்கு: நிறுத்தம்

ஒரு வண்டியைக் கூடுதலாக ஓரிடத்தில் நிறுத்தினால், வேகம் குறைக்கவும் நிற்கவும் மீண்டும் வேகம் எடுக்கவும் சில நிமிடம் செலவாகும். ஓர் எடுத்துக்காட்டு: வண்டியில் 500 பேர் உள்ளனர்; ஆளுக்கு 2 நிமிடம் இழப்பு; மொத்தம் 1,000 நிமிடம். அந்நிறுத்தத்தில் 50 பேர் ஏறி, ஆளுக்கு 20 நிமிடம் மிச்சப்படுத்தினால் அதுவும் 1,000 நிமிடமே. கணக்கு நேராகிவிடுகிறது. ஐம்பத்தோராவது ஆள் ஏறினால் நிறுத்தமே இலாபம். விரைவாக வேகம் எடுக்கும் மெமு வண்டியாயின் இழப்பு இன்னும் குறையும். நாகர்கோவில் பாதை அண்மை ஆண்டுகளில் இரட்டைப் பாதையானதால், எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்கும் தொல்லையும் தீர்ந்தது. விரைந்து செல்வோரின் நிமிடத்தை மட்டும் எண்ணி, ஏற முடியாதவரின் நிமிடத்தை எண்ணாமல் விடுவது கணக்காகாது.

தலைநகர் தரும் படிப்பினை

சென்னையில் கடற்கரை – சேப்பாக்கம் பறக்கும் இரயில் 1995இல் தொடங்கி, 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. நிலையக் கட்டடங்கள் மாளிகை போல் எழுந்தன. ஆயினும் அவற்றைப் பேருந்துகளோடு இணைக்காத குறை நெடுங்காலம் பேசப்பட்டது. மெட்ரோ இரயில் 2015இல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே முதலில் ஓடியது. தொழிலாளர் நிறைந்த வடசென்னையில், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை அது சென்றது 2021 பிப்ரவரி 14இல்தான். எளியோர் வாழும் பகுதிக்கு வண்டி பிந்தியே வருகிறது என்பதற்கு இது சான்று. பிந்தியேனும் வந்தது என்பது ஆறுதல்.

பெண்கல்வியும் கால அட்டவணையும்

ம.தி.தா. இந்துக் கல்லூரியும் இராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும் பேட்டைப் பகுதியிலேயே உள்ளன. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்ணிடம் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, “என்ன பாடம்?” என்பதன்று, “சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவே?” என்பதே. அதற்கு உறுதியான விடை சொல்ல முடிந்தவள் படிக்கிறாள். முடியாதவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று பீடித்தட்டைக் கையில் எடுக்கிறாள். எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறாத இழப்பு இது. கல்லூரி விடும் நேரத்தை ஒட்டி, சிறு நிலையங்களில் நின்று செல்லும் ஒரு மாலை வண்டி, உதவித்தொகைக்கு ஈடான உதவி என்றால் மிகையாகாது.

முடிவுரை

கல்லும் சிமெண்டும் கொண்டு மேடை அமைத்துவிடலாம். அதை நிலையமாக்குவது அங்கே நிற்கும் வண்டியும், அதுவரை வந்து சேரும் பாதையுமே. எனவே புதிய நிலையம் கேட்கும்போதே மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம்: நடந்து வர வழி உண்டா? அடுத்த வண்டி எப்போது? எத்தனை வண்டிகள் நிற்கும்? மாணவர்களாகிய நாம் அவரவர் ஊர் நிலையத்தில் ஒரு வாரம் நின்று, ஏறுவோரையும், ஏற வழியின்றிப் பேருந்துக்குத் திரும்புவோரையும் எண்ணி எழுதினால், அதுவே சிறந்த விண்ணப்பமாகும். கணக்கோடு கேட்கும் குரலுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.