மிச்ச நூலில் போர்வை: முதலில் பத்துக் கட்டம் பின்னிப் பார்ப்போம்



போன மாதம் அவிநாசிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், உள்கடன் எல்லாம் எழுதி நோட்டை மூடும் நேரத்தில் ஒரு அக்கா சாக்குப்பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். முழுக்க நூல். கோன் அடியில் நின்றுபோன மிச்சம். "வேஸ்ட் குடோன்ல எடைக்கு வாங்கினதுங்க. குரோஷா ஊசியில போர்வை பின்னி வித்தா என்னங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்லும் முன் வேறொரு குழுவில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. கண்காட்சியில் வைத்த ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்து ஒருவர் ஐந்து போர்வை கேட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு பேர் பிரித்துப் பின்னினார்கள். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை லூஸ். ஒரு கட்டம் 9 செ.மீ., இன்னொன்று 11 செ.மீ. இணைத்ததும் போர்வை நடுவில் உப்பி, ஓரத்தில் சுருங்கி நின்றது. துவைத்தால் சிவப்பு நூலின் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. கடைசியில் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சேமிப்பில் கை வைத்தார்கள். ஆர்டர் எடுத்த கூட்டத்தில் நாங்களும்தான் உட்கார்ந்திருந்தோம். சந்தோஷத்தில் "முதலில் பின்னிப் பாருங்கள்" என்று சொல்லத் தோன்றவில்லை. அதை இப்போது சொல்கிறோம்.

நூலைப் பிரிப்பது

பையைக் கொட்டியதும் ஒன்று கவனித்தீர்களா? பெரும்பாலும் மங்கலான வெள்ளை நூல்தான் இருக்கும். நம் திருப்பூரில் அதிகமாகத் துணியாக ஓட்டிய பிறகுதான் சாயம் போடுகிறார்கள். நூலாக இருக்கும்போதே சாயம் ஏறுவது கோடு போட்ட துணிக்கும் காலருக்கும்தான். ஆகவே நம் கைக்கு வெள்ளை நிறைய வரும், கலர் கொஞ்சமாக வரும். டிசைன் முடிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது. கலரை நடுப்பூவுக்கு வைத்துக்கொண்டு சுற்றிலும் வெள்ளை போட்டால், பாதிப் போர்வையில் கலர் தீர்ந்து தவிக்க வேண்டியதில்லை. "வீட்டிலேயே சாயம் போட்டுக்கலாமா?" என்று ஒரு தங்கை கேட்டார். வேண்டாம். சாயத் தண்ணீரால் நொய்யல் பட்ட பாடும், 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் நமக்குத் தெரிந்ததுதானே.

அடுத்து, நூல் என்ன வகை என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பஞ்சு நூல் காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாக நிற்கும். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்தால் துவைத்தபின் பஞ்சு சுருங்கும், பாலியஸ்டர் அப்படியே நிற்கும், போர்வை கோணும்.

பனியன் நூல் ரொம்ப மெல்லிசு. 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிராம் சுமார் 50 மீட்டர் நீளும். ஒற்றை இழையில் போர்வை பின்ன முடியாது. 16 இழையைச் சேர்த்து லேசாக முறுக்கிப் பந்தாகச் சுற்றிக்கொண்டால் 3.5 மி.மீ. ஊசிக்குச் சரியாக இருக்கும். முறுக்காமல் விட்டால் ஊசி மூக்கில் இரண்டு இழை மாட்டி மற்றது தங்கிவிடும். பந்துக்குப் பந்து இழை எண்ணிக்கை மாறவே கூடாது.

மாதிரிக் கட்டம்

நமக்குப் பழகிய சதுரக் கட்டமே போதும். நான்கு சங்கிலி போட்டு வளையமாக்குங்கள். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான பின்னலை இங்கே தூண் என்று சொல்லுவோம். வளையத்துக்குள் மூன்று தூண், இரண்டு சங்கிலி. இப்படி நான்கு தடவை. அந்த இரண்டு சங்கிலி இருக்கும் இடம்தான் மூலை. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் மூன்று தூண், இரண்டு சங்கிலி, மறுபடி மூன்று தூண். மூலைக்கு மூலை நடுவில் வரும் இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று தூண். ஒவ்வொரு சுற்றின் முதல் தூணுக்குப் பதில் மூன்று சங்கிலி போட்டு ஏறிக்கொள்ளலாம். நான்கைந்து சுற்றில் 10 செ.மீ. வந்துவிடும்.

இதையே இடைவெளி இல்லாமல் தூணாக நிரப்பி ஒன்று, ஆறுமூலைப் பூவாக ஒன்று என்று மூன்று விதமும் போட்டுப் பாருங்கள். நிரப்பின கட்டம் கனமாக இருக்கும், நூல் அதிகம் குடிக்கும். ஆறுமூலைப் பூ கண்ணுக்கு அழகு. ஆனால் போர்வை ஓரத்துக்கு அரைப் பூ போட வேண்டிவரும், முதல் வேலைக்கு அது வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எல்லோரும் ஒரே நூலில், ஒரே ஊசியில் ஆளுக்கு ஒரு கட்டம் பின்னி டேப் வைத்து அளக்க வேண்டும். சின்னதாக வந்தவர் பெரிய ஊசிக்கு மாறலாம், பெரிதாக வந்தவர் சின்ன ஊசிக்கு. இதில் கோபிக்க ஒன்றுமில்லை, கை அப்படித்தான். 2016 ஜனவரி 31-ல் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் அமைப்பு 11,148.5 சதுர மீட்டர் போர்வை காட்டி கின்னஸ் சாதனை செய்தது. பல பேர் கையில் பின்னிய துண்டுகளைச் சேர்த்துத்தான் அது வந்தது. துண்டுக்குத் துண்டு அளவு மாறினால் இணைப்பது எப்படி?

பிறகு கட்டங்களை ஈரமாக்கி வெள்ளைத் துணிக்குள் மடித்து ஒரு ராத்திரி வையுங்கள். துணியில் கலர் இறங்கியிருந்தால் அந்த நூல் போர்வைக்கு ஆகாது. மீதியை வெந்நீரில் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து எழுதுங்கள்.

கணக்கு

ஒரு கட்டத்தை எடை போட்டால் தராசில் சரியாகத் தெரியாது. பத்துக் கட்டத்தை ஒன்றாக வையுங்கள். 70 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 150 செ.மீ. போர்வைக்கு 150 கட்டம், 1,050 கிராம். இணைக்கவும் ஓரம் கட்டவும் சேர்த்து 1.2 கிலோ நூல் கையில் இருந்தால்தான் தொடங்கலாம்.

நேரத்தையும் இப்படியே பாருங்கள். ஒரு கட்டத்துக்கு 25 நிமிஷம் என்றால் 150 கட்டத்துக்கு 62 மணி நேரம் தாண்டும். இணைப்பது, நூல் நுனி மறைப்பது, ஓரம் கட்டுவது எல்லாம் சேர்ந்து 75 மணி. போர்வையை 1,500 ரூபாய்க்குக் கொடுத்து நூல், போக்குவரத்துக்கு 300 போனால் மீதி 1,200. மணிக்கு 16 ரூபாய்! இதைப் போர்டில் எழுதியதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பிசிறு வெட்டப் போகும் ஒரு அக்கா மட்டும், "பீஸ் ரேட்டுக்கு அங்கயே போயிக்கலாமுங்க" என்றார்.

ஆந்திராவில் நர்சாபூர் பக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். 2024-ல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி 1982-ல் வெளியிட்ட புத்தகம் வேறொரு கதையும் சொல்கிறது. லேஸ் வெளிநாட்டுக்குப் போனது. பின்னியவர்களையோ "வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லியே அற்பக் கூலி கொடுத்தார்கள். (நம்மில் யாருக்குங்க ஓய்வு நேரம் இருக்கிறது?)

மணிக்கு 50 ரூபாயாவது வேண்டுமென்றால் அதே போர்வையை 4,050-க்கு விற்க வேண்டும். அந்த விலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் அவிநாசிக் குழுவில் முதலில் 70-க்கு 70 செ.மீ. குழந்தைப் போர்வை என்று தீர்மானம் எழுதினார்கள். 49 கட்டம், ஏறக்குறைய 25 மணி வேலை. 10 செ.மீ. கட்டத்துக்குப் பதில் 20 செ.மீ. கட்டமாகப் போட்டால் இணைப்பு வேலை குறையுமா என்றும் பார்க்கப்போகிறார்கள்.

உங்கள் குழுவில் நூல் கிடைத்தால் பில்லோடு வாங்குங்கள். கம்பெனியில் கேட்காமல் எடுத்து வர வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கட்டம் பின்னி, துவைத்து, எத்தனை நிமிஷம் ஆனது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டத்தோடு பின் குத்திக் கொண்டு வாருங்கள். ஊக்குநர் எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் வரிசையாக எழுதட்டும். அந்தப் பக்கம் நிறையும் வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.