நிலைபேறான வாழ்வும் சக்திச் சிக்கனமும்



விளக்கு எரிவதற்கும், உணவு சமைப்பதற்கும், பேருந்து ஓடுவதற்கும் சக்தி வேண்டும். அச்சக்தியை நிலத்திலிருந்தும், நீரிலிருந்தும், கதிரவனிடமிருந்தும் பெறுகின்றோம். நாம் பெறுவதில் நமக்குப் பின் வருவோருக்கும் பங்குண்டு. நோர்வேயின் பிரதமர் புறுண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணைக்குழு 1987ஆம் ஆண்டில் இக்கருத்தை உலகின் முன் வைத்தது. இன்று வாழ்வோர் தம் தேவைகளை நிறைவு செய்யும்போது, நாளை பிறப்போரின் வாய்ப்பைக் கெடுத்துவிடலாகாது என்பதே அதன் சாரம். இதனையே நிலைபேறான அபிவிருத்தி என்கின்றோம்.

இதற்கு மூன்று படிகள் உண்டு. தேவையைக் குறைத்தல் முதற்படி. பெற்றதை வீணாக்காது பயன்படுத்தல் இரண்டாம் படி. எஞ்சிய தேவையைத் தூய மூலங்களிலிருந்து பெறுதல் மூன்றாம் படி. இவ்வொழுங்கு மாறலாகாது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது நிறைவதில்லை.

1. வடிவமைப்பு

முதற்படிக்குச் சான்று நாம் வாழும் பலெர்மோ நகரிலேயே உண்டு. சீசா அரண்மனை 1165ஆம் ஆண்டளவில் நோர்மானிய மன்னன் முதலாம் குல்லியெல்மோவின் காலத்தில் தொடங்கப்பெற்று, அவன் மகன் காலத்தில் நிறைவுற்றது. மன்னர் கோடையைக் கழிப்பதற்காக, அரபுக் கட்டடக் கலை மரபில் எழுந்த மாளிகை அது. அதன் முகப்புக் கடலை நோக்கியது. கடற்காற்று முன்னிருந்த தடாகத்தின் மேலாக வந்து, பெரிய வளைவாயில்கள் வழியே உள்ளே நுழையும். மண்டபத்திலே நீர் சலவைக்கற் பலகையின்மீது வழிந்து, தரையிலுள்ள வாய்க்காலில் ஓடும். நீர் ஆவியாகும்போது சூழவுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காற்றுக் குளிர்கின்றது. தடித்த சுவர்கள் வெயிலைத் தாங்கின. இயந்திரம் எதுவுமின்றி மாளிகை குளிர்ந்தது. 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இந்நகரின் நிலத்தடியில் மெல்லிய சாய்வாக வெட்டப்பட்ட 'கனாத்' என்னும் சுரங்க வாய்க்கால்களும் நிலத்தடி நீரைப் புவியீர்ப்பினாலேயே கொண்டுவந்தன.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இவ்வறிவின் வழிவந்ததே. நடுவே திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை, வெப்பத்தை உள்ளே விடாத ஓலைக்கூரை, முன்னே நிழல் தரும் வேம்பு என அது அமைந்தது. வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, குளிர்ந்த காற்று உள்ளே வரும். 2023 யூலையில் பலெர்மோவில் வெப்பநிலை 47 பாகை செல்சியசை எட்டியதையும், சுற்றியுள்ள மலைகள் தீப்பற்றியதையும் நாம் அறிவோம். குளிரூட்டி வாங்குமுன் நிழலையும் காற்றோட்டத்தையும் எண்ணிப் பார்ப்பது அறிவுடைமை.

2. நுகர்வு

வலு என்பது ஒரு கணத்தில் சக்தி செல்லும் வேகம். சக்தி என்பது அது எவ்வளவு நேரம் சென்றதோ அதன் மொத்தம். இத்தாலியில் வீடுகளுக்கு வழமையாக 3 கிலோவாற்று வலுவே வழங்கப்படுகின்றது. மின்னடுப்பும் சலவை இயந்திரமும் ஒருங்கே இயங்கினால் மின்னோட்டம் தடைப்படுவது இதனாலேயே. 1 கிலோவாற்றுக் கருவி ஒரு மணிநேரம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும்.

60 வாற்றுப் பழைய மின்குமிழ் நாளொன்றுக்கு 5 மணிநேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 அலகுகள் செலவாகும். அதே ஒளியைத் தரும் 9 வாற்று எல்.இ.டி. குமிழுக்கு ஏறத்தாழ 16 அலகுகளே போதும். குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றில் ஒட்டப்படும் சக்திச் சுட்டியில், 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஏ' தொடக்கம் 'ஜி' வரையான புதிய அளவைக் கொண்டுவந்துள்ளது. வாங்கும் விலையுடன், பாவனைக் காலம் முழுவதும் செலுத்தவேண்டிய மின்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தலே சரியான கணக்காகும்.

பெற்றோர் பலருக்குச் சிக்கனம் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் பெருந்தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அது பிறரால் திணிக்கப்பட்ட இல்லாமை. அதனைச் சிக்கனம் என்று போற்றுதல் தகாது. வசதி இருந்தும் அளவறிந்து நுகர்வதே சிக்கனம். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க வல்லவர்கள் அக்காலத்தை வாழ்ந்து கடந்த பெற்றோரே.

3. சக்திக் கொள்கை

தனியொரு வீடு செய்யமுடியாததை நாடு செய்யவேண்டும். செர்னோபில் விபத்து 1986இல் நிகழ்ந்தது. மறு ஆண்டு இத்தாலிய மக்கள் அளித்த வாக்குகளைத் தொடர்ந்து, 1990ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் அணுமின் நிலையங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. 2011ஆம் ஆண்டு வாக்கெடுப்பிலும் மக்கள் அணுமின்னை மறுத்தனர். ஆயினும் அவ்விவாதம் இன்று மீண்டும் எழுந்துள்ளது. சூரிய சக்தியிலோ சிசிலி முன்னோடியாகும். எத்னா அடிவாரத்து அத்ரானோவில், கண்ணாடிகளால் வெயிலைக் கோபுரமொன்றில் குவித்து மின் பெறும் 1 மெகாவாற்று நிலையம் 1981இல் இயங்கத் தொடங்கியது. சிராக்கூசா அருகே 2010இல் திறக்கப்பட்ட 5 மெகாவாற்று நிலையம் உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமித்தது. அந்நகரில் பிறந்த அறிஞர் ஆர்க்கிமிடீசின் பெயரே அதற்கு இடப்பட்டது.

கொள்கை தவறினால் விளைவது யாது? நதியில்லாத யாழ்ப்பாணத்துக்கு மழை தரும் கிணற்று நீரே உயிர்நாடி. சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கிய மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவு, சுண்ணக்கற் பாறையூடாக நிலத்தடி நீரில் கலந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்துவிடலாம், மாசடைந்த நீர் தெளியப் பல்லாண்டுகள் செல்லும். ஆதலால் மின்சாரம் வேண்டும் என்று கேட்கும் மக்கள், அது எங்கிருந்து, எவ்வாறு வருகின்றது என்றும் கேட்கவேண்டும்.

மாணவர்களே, உங்களுட் பலர் இந்நாட்டில் வாக்குரிமை பெறவிருக்கின்றீர்கள். அன்று இவ்வினாக்கள் உங்கள் முன் வரும். அறிந்து விடையளிக்க இன்றே பழகுங்கள்.

செயற்பாடு

1. வீட்டிற்கு வரும் மின்கட்டணப் பட்டியலைப் பெற்றோருக்குத் தமிழில் வாசித்து விளக்குக. சென்ற ஆண்டு செலவான அலகுகள் எத்தனை?
2. வீட்டிலுள்ள மின்குமிழ்களின் வாற்று அளவுகளைப் பட்டியலிடுக.
3. பெற்றோர் அல்லது பேரன் பேர்த்தி வாழ்ந்த வீட்டின் படத்தை வரைந்து, வெயிலும் காற்றும் அதனுள் எவ்வாறு புகுந்தன என்பதைக் குறிக்குக.