தாழம்பூவில் தொடங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

வாசனைத் தொழில் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். முகர்ந்து பழக நீ போட்டிருக்கும் பட்டியலில் லாவண்டர் இருக்கிறது, பெர்கமாட் இருக்கிறது. நம் கடற்கரைப் புதர் ஒன்றுகூட இல்லை. தாழையில் தொடங்கு.

தாழையில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடி அன்னாசி மாதிரி ஒரு காயைக் காய்த்துவிட்டு நிற்கும். வாசனைக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண் பூங்கொத்தும் அதை மூடிய வெளிர்மஞ்சள் மடலும்தான் சரக்கு. உன் பாட்டி சடையில் வைத்துத் தைத்ததும், பட்டுப்புடவை மடிப்பில் செருகியதும் அந்த மடல்தான்.

நம் கரையிலும் தாழை உண்டு. ஆனால் அதை வைத்துப் பெரிதாகத் தொழில் நடத்துவது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம். மழைக்காலத்தில் பூ அதிகம். விடிகாலையில் பறித்து, மணம் பறந்துவிடும் முன் வடிசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். ‘தேக்’ என்ற செப்புப் பானையில் பூவும் தண்ணீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே போய், தொட்டித் தண்ணீரில் அமர்ந்திருக்கும் ‘பப்கா’ என்ற பாத்திரத்தில் குளிர்ந்து இறங்கும். பப்காவில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்தால் கிடைப்பது அத்தர். சந்தனம் சேர்க்காமல் பூவின் எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்தால் ரூஹ். மணம் ஏறிய தண்ணீர் பிரியாணிக்கும் இனிப்புக்கும் போகிறது.

இனி உன் பாடம். தாழம்பூ எண்ணெயில் பெரும்பங்கு ஒரே பொருள்: ஃபீனைல் எத்தில் மீத்தைல் ஈதர். ரோஜாவில் இருக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலுக்கு இது நெருங்கிய சொந்தம். ஆல்கஹாலின் ஓ-ஹெச்சில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மீத்தைலை வைத்துப் பார். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு போய்விடுகிறது. ஈதர் எளிதில் ஆவியாகிறது. ரோஜா நிதானமாக வர, தாழை பாய்ந்து வருவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் சென்ட்டில் அதை முதலில் எழும் மணமாக, டாப் நோட்டாக வைக்கிறார்கள். அளவு ஒரு துளி கூடினாலும் பக்கத்தில் இருக்கும் மல்லிகை காணாமல் போகும். சிவன் கோயிலில் அர்ச்சனைக்கு ஆகாது என்று தள்ளிவைத்த பூ. குங்குமத்தில் ஏறி அதே கோயில் வாசலில் விற்பனையாகிறது. அதை அடக்குவது லேசில்லை!

அந்த ஈதரை ஆலையில் மலிவாகச் செய்துவிடலாம். கடையில் எசன்ஸ் என்று கிடைப்பதில் பெரும்பாலும் இதுதான். பிரியாணிக்கு அது போதும், நான் குறை சொல்ல மாட்டேன். மூக்கைப் பழக்க மட்டும் அது வேண்டாம். அசல் எண்ணெயில் டெர்பினென்-4-ஆல் என்றொரு பொருளும் உண்டு. டீ ட்ரீ எண்ணெயில் முதன்மையாக இருப்பதும் அதுவே. அசலில் வரும் பச்சை வாடையும் மிளகுக் காரமும் இதுபோன்ற துணைப்பொருள்களால் வருபவை. வெறும் ஈதரில் இனிப்பு இருக்கும், அந்தக் காரம் இருக்காது.

இரண்டு காகிதக் கீற்றுகளை எடுத்துக்கொள். ஒன்றில் எசன்ஸ், இன்னொன்றில் அத்தர். உடனே ஒரு தரம், பத்து நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என்று முகர்ந்து, தோன்றுவதை எழுது. ‘நல்ல வாசனை’ என்று எழுதினால் அடித்துவிடு. இனிப்பா, காரமா, ஈரமா, எது முதலில் போனது, எது தங்கியது என்று எழுது. மறுநாளும் அத்தர்க் கீற்றில் மிஞ்சுவது பெரும்பாலும் சந்தனம். அதன் மூலக்கூறுகள் கனமானவை, லேசில் கிளம்பாது.

சந்தனம் விலை ஏறியபின் பலர் அதற்குப் பதிலாக மணமே இல்லாத திரவப் பாரஃபினை ஊற்றுகிறார்கள். ஆகவே அத்தர் வாங்கும்போது அடியில் இருப்பது சந்தனமா, பாரஃபினா என்று கடைக்காரரிடம் கேள். பதில் இழுத்தால், அடுத்த கடைக்குப் போ.

அன்புடன்,
மாமா