ஸ்ட்ரா போல் மேசைக்கு வரும் பிள்ளைகளுக்கு

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிப் பருவம் தொடங்கும்போதெல்லாம் பல்கலைக்கழக வளாகங்களில் புது முகங்கள் மேசை போட்டு உட்காரும். பதினெட்டு, பத்தொன்பது வயது. சட்டையில் வேட்பாளர் பெயர் பொறித்த பட்டன், கையில் கிளிப்போர்டு. அவர்களில் பலருக்கு முதல் களம் ஸ்ட்ரா போல்தான். சட்ட மதிப்பு எதுவும் இல்லாத, யாரையும் கட்டுப்படுத்தாத மாதிரி வாக்கெடுப்பு அது. அயோவாவில் மாணவனாக இருந்தபோது நானும் அந்த மேசையில்தான் தொடங்கினேன். பிறகு பல பருவங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். நீங்கள் எந்தக் கட்சி, யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். இந்த வாக்கெடுப்பை எப்படிப் பார்ப்பது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு ஒரு வேட்பாளரின் ஆட்கள் எத்தனை பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதுதான் ஸ்ட்ரா போலின் கணக்கு. மாநிலத்து மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரில் குடியரசுக் கட்சி 1979 முதல் 2011 வரை ஆறு முறை இப்படி ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. நாட்டிலேயே பெரிதாகப் பேசப்பட்டது அதுதான். 2011 ஆகஸ்ட் 13 அன்று அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹில்டன் கொலீசியம் அரங்கைச் சுற்றி எப்படி இருந்தது என்று பாருங்கள். கூடாரம் அடிக்கும் இடங்களைக் கட்சி ஏலம் விட்டது. நல்ல இடத்துக்கு வேட்பாளர் ரான் பால் தரப்பு 31,000 டாலர் கொடுத்தது. மிஷெல் பாக்மனின் கூடாரத்தில் ஏசி வசதி, மேடையில் கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸ். டிம் பாலென்டியின் கூடாரத்தில் பார்பிக்யூ இறைச்சியும் ஐஸ்கிரீமும். வாக்களிக்க 30 டாலர் டிக்கெட் வாங்க வேண்டும். பலருக்கு அதைப் பிரசாரக் குழுக்களே வாங்கிக் கொடுத்தன, பேருந்தும் அனுப்பின. ஒருவரே இருமுறை வாக்களிக்காமல் இருக்கக் கட்டைவிரலில் அழியாத மை. பதினாறரை வயது நிரம்பியவர்களும் வாக்களிக்கலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள்.

மொத்தம் 16,892 வாக்குகள் பதிவாயின. பாக்மனுக்கு 4,823, ரான் பாலுக்கு 4,671. நான்கரை மாதம் கழித்து, 2012 ஜனவரி 3 அன்று, அதே அயோவாவில் நிஜமான காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூடி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம், நடந்தது. பாக்மன் ஆறாவது இடம், ஐந்து சதவீதம். மறுநாளே விலகினார். இறுதிச் சரிபார்ப்புக்குப் பின் முதலிடம் என்று அறிவிக்கப்பட்டவர் ரிக் சான்டோரம். ஏம்ஸில் அவர் நான்காவதாக வந்தவர். கூடாரமும் பேருந்தும் கொண்டுவந்த கூட்டம் ஆகஸ்டோடு கலைந்துவிட்டது. வாக்காளர்களோடு ஓராண்டாக உட்கார்ந்து பேசியவருக்கு ஜனவரியில் பலன் கிடைத்தது.

2. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நம்பலாம் என்று நினைக்காதீர்கள். 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்கட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அந்த இதழ் எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களில் இருந்தே முகவரிகள் அதிகம் எடுக்கப்பட்டன. பொருளாதார வீழ்ச்சியில் சிக்கிய ஏழைகள் அந்தப் பட்டியல்களில் குறைவு. தவிர, ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பும் அவசரத்தில் இருந்தார்கள். இரண்டாண்டுக்குள் அந்த இதழே நின்றுபோனது. உங்கள் வளாகத்தில் 800 பேர் வாக்களித்தார்கள் என்றால், அந்த எண்ணைவிட அந்த 800 பேர் யார், மேசைப் பக்கம் வராமல் போனவர்கள் யார் என்பதே முக்கியம். மாலை வகுப்புக்கு மட்டும் வரும் மாணவர், உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் ஆகியோர் நண்பகலில் நூலக வாசலுக்கு வரமாட்டார்கள்.

3. இணையத்தில் கிடைக்கும் வாக்கை இன்னும் எச்சரிக்கையாகப் பாருங்கள். 2003 ஜூனில் மூவ்ஆன் அமைப்பு நடத்திய இணைய வாக்கெடுப்பில் 3,17,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஜனநாயகக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீனுக்கு சுமார் 44 சதவீதம். அந்த உற்சாகம் பொய்யில்லை. வெளி மாநிலங்களில் இருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பியோடு அயோவா குளிரில் வந்து இறங்கினார்கள். 2004 ஜனவரி அயோவா காக்கஸில் டீனுக்குக் கிடைத்தது 18 சதவீதம், மூன்றாவது இடம். வந்த பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கதவைத் தட்டுகிறவர் அந்தத் தெருக்காரராக இருந்தால், வீட்டில் இருப்பவர் நின்று பேசுவார். வெளியூரில் இருந்து வருகிறீர்கள் என்றால், முதலில் அந்த ஊர் ஆள் ஒருவரைப் பிடித்து அவரோடு போங்கள்.

4. மேசையில் வாங்கவேண்டியது வாக்கு மட்டும் இல்லை, ஓர் அட்டை. பெயர், தொலைபேசி எண், விடுதி என்று எல்லோரும் எழுதி வாங்குவார்கள். அதோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். சொந்தக் கவுண்டி (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவு) எது? வாக்காளர் பதிவு இங்கேயா, வீட்டிலா? வாக்களிக்கும் நாளில் எங்கே இருப்பீர்கள்?

இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுப் பல பிரசாரங்கள் அடிவாங்கியிருக்கின்றன. 2008, 2012 இரண்டிலும் அயோவா காக்கஸ் ஜனவரி 3-ஆம் தேதி நடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை, விடுதிகள் பூட்டியிருந்தன. செப்டம்பரில் வளாகத்தில் கைதூக்கிய பிள்ளைகளில் பலர் அன்று சிகாகோவிலோ மினியாபொலிஸிலோ அம்மா வீட்டில் இருப்பார்கள். 2008-இல் ஒபாமா தரப்பு இதை முன்கூட்டியே பார்த்தது. வெளி மாநிலத்திலிருந்து வந்து அயோவாவில் படிப்பவர்களைத் திரும்பி வந்து வாக்களிக்கச் சொன்னது. அயோவாக்காரப் பிள்ளைகளை அவரவர் சொந்த ஊரிலேயே காக்கஸுக்குப் போகச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு திட்டமே வைத்திருந்தார்கள். பொதுத் தேர்தல் நாளுக்குள் பதினெட்டு நிரம்பும் என்றால் பதினேழு வயதிலேயே காக்கஸில் கலந்துகொள்ளலாம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து வாக்களிப்பது முறையா என்று எதிர்த்தரப்பு கேட்டது. படிக்கும் ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1979-இலேயே உறுதி செய்திருக்கிறது. யாராவது உங்களை அதட்டினால் தைரியமாகச் சொல்லுங்கள்.

சொந்த ஊருக்கு அனுப்பியதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அன்றைய ஜனநாயகக் கட்சிக் காக்கஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று முன்பே நிர்ணயித்துவிட்டார்கள். பல்கலைக்கழக வட்டாரத்தில் ஐந்நூறு பேர் குவிந்தாலும் பிரதிநிதி எண்ணிக்கை கூடியிருக்காது. அதே ஐந்நூறு பேர் ஐம்பது ஊர்களில் பத்துப் பத்தாக இருந்தால் பல இடங்களில் முடிவே மாறியிருக்கும். 2008 காக்கஸின் நுழைவாயில் கருத்துக்கணிப்பின்படி முப்பது வயதுக்கு உட்பட்டோரில் 57 சதவீதம் ஒபாமாவுக்கு. ஒபாமாவின் அயோவா வெற்றியை அட்டைகள்தான் கட்டிக்கொடுத்தன என்பது என் உறுதியான எண்ணம்.

5. இரண்டாவது விருப்பத்தைக் கட்டாயம் கேளுங்கள். வேட்பாளர்கள் வழியில் உதிர்ந்துகொண்டே இருப்பார்கள். அயோவா ஜனநாயகக் கட்சிக் காக்கஸில் 2020 வரை 15 சதவீதம் எட்டாத குழுவினர் வேறு குழுவுக்குப் போகவேண்டியிருந்தது. இன்று உங்களுக்கு எதிராக வாக்களித்தவர் நாளை உங்கள் பக்கம் வரவேண்டியவர். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள்.

6. காசு கொடுத்துக் கூட்டிய கூட்டத்தைக் கண்டு மிரளாதீர்கள். நம் ஊரில் லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து மாநாட்டுத் திடலை நிரப்புவது போலத்தான் இதுவும். திடல் நிறைந்ததை வைத்து வாக்குப்பெட்டியைக் கணிக்க முடியாது. 2007-இல் ஏம்ஸில் மிட் ராம்னி பெரும் செலவு செய்து 4,516 வாக்குகளோடு முதலிடம் வந்தார். கையில் காசில்லாத மைக் ஹக்கபீக்கு 2,587 வாக்குகள், இரண்டாவது இடம். பேருந்துகளை நிரப்பப் பணமே இல்லாத ஒருவருக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்றால் அதில் சேதி இருக்கிறது. ஐந்து மாதத்தில் அயோவா காக்கஸில் அவர் 34 சதவீதத்துக்கு 25 சதவீதம் என்று ராம்னியை வென்றார். முடிவுகளைப் படிக்கும்போது முதலிடத்தைத் தாண்டி, குறைந்த செலவில் அதிகம் பேரைச் சேர்த்தவர் யார் என்று தேடுங்கள். முடிந்தவரை உங்கள் டிக்கெட்டை உங்கள் காசில் வாங்குங்கள்.

7. சிபேக் மாநாட்டு வாக்கெடுப்பைப் பற்றி மாணவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். நியாயம்தான், பழமைவாதிகள் ஆண்டுதோறும் கூடும் அந்த மாநாட்டில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாணவர்களாகவே இருந்திருக்கிறார்கள். 2010-இல் ரான் பால் 31 சதவீதத்தோடு வென்றதாக அறிவித்தபோது அரங்கில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். 2011-இலும் அவரே வென்றார். 2013, 2014, 2015 மூன்றாண்டும் அவர் மகன் ராண்ட் பால். ஆனால் தந்தை 2012-இல் ஒரு மாநிலத்தின் வாக்கிலும் முதலிடம் வரவில்லை; மகன் 2016 அயோவாவில் ஐந்தாவது இடத்தோடு விலகினார். மாணவர்கள் அங்கே செய்தது வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். போர், மத்திய வங்கி, உளவு அதிகாரம் போன்ற விஷயங்களைக் கட்சிக்குள் பேசவைத்தார்கள். ஒரு கருத்தைக் கவனத்துக்குக் கொண்டுவர ஸ்ட்ரா போல் நல்ல கருவி; அதைத் தாண்டி எதையும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

8. நீங்களே வளாகத்தில் நடத்தினால் சுத்தமாக நடத்துங்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. மாணவர் அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டில் பெயர் வரிசையை மாற்றி மாற்றி அச்சிடுங்கள், ஏனென்றால் முதலில் இருக்கும் பெயருக்குச் சில வாக்குகள் சும்மாவே விழும். எண்ணும்போது எல்லா வேட்பாளர் தரப்பிலும் ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். முடிவை வெளியிடும்போது எத்தனை பேர், எங்கே, எந்த நேரத்தில் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

‘யார் வேண்டும்’ என்பதும் ‘யார் வெல்வார்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். வர்ஜீனியாவில் உள்ள வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழக மாணவர்கள் 1908 முதல் மாதிரிக் கட்சி மாநாடு நடத்துகிறார்கள். தங்கள் விருப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு மாநிலத்தின் கட்சிக்காரர்களிடமும் விசாரித்து, யார் வேட்பாளர் ஆவார் என்று கணிப்பார்கள். 2008-இல் ஹிலாரி கிளின்டன் என்று சொன்னது தவறியது. 2016 பிப்ரவரியில், பலரும் நம்பாத நேரத்தில், டிரம்ப் என்று சொன்னது பலித்தது. ஆசையைத் தள்ளிவைத்துப் பார்க்கப் பழக அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

9. விசாவில் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருந்து வந்திருப்பவர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் தொண்டு செய்யலாம். பணம் கொடுக்கக் கூடாது. கட்சி நிதிக்கான நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைக் கணக்கில்தான் வரும். வாக்காளர் பதிவுப் படிவத்தில் ‘குடிமகன்’ என்ற கட்டத்தில், தெரியாமல்கூட, டிக் அடிக்காதீர்கள். நாட்டை விட்டே அனுப்பிவிடும் அளவுக்குப் போகும். நண்பர் கட்டாயப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். போன் பேசுங்கள், அட்டைகளை அடுக்குங்கள், வண்டி ஓட்டுங்கள். அதுவே பெரிய உதவி.

10. சட்ட மதிப்பில்லாவிட்டாலும் இதன் முடிவு ஆட்களைச் சாய்க்கும். 2011-இல் 2,293 வாக்குகளோடு மூன்றாவதாக வந்த பாலென்டி மறுநாள் காலையே போட்டியில் இருந்து விலகினார். இரண்டு முறை மினசோட்டா ஆளுநராக இருந்தவர். பணம் தருபவர்களும் பத்திரிகைகளும் இந்த எண்களைப் பார்த்து முடிவெடுப்பதால் நேரும் அநியாயம் இது. பெரிய வேட்பாளர்கள் ஒதுங்கத் தொடங்கியதும் 2015 ஜூனில் அயோவா குடியரசுக் கட்சியே ஏம்ஸ் மரபை நிறுத்தியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

11. காக்கஸ் இரவில் வாக்கெடுப்பு முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். 2012 வரை அயோவா குடியரசுக் கட்சியினர் காக்கஸில் போட்ட அதிபர் வாக்கே ஒரு ஸ்ட்ரா போல்தான். டிவியில் காட்டிய சதவீதம் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. வாக்கு எண்ணி, பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, ‘கவுண்டி மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக யாருக்கு விருப்பம்?’ என்று தலைவர் கேட்பார். அப்போது கைதூக்குபவர் கவுண்டிக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போவார். 2012-இல் ரான் பாலின் இளைஞர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். மூன்றாவதாக வந்த அவருக்குக் கடைசியில் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் ஆதரவாக நின்றார்கள்.

கட்சித் தலைமை அதன்பின் விதியை மாற்றியது. 2016 முதல் மாநில அளவிலான வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும். 2016 தேர்தலுக்குக் கொலராடோவில் கட்சி அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்துவிட்டது; அங்கே மாநாடு மாநாடாக ஆள் திரட்டிய டெட் குரூஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட 34 பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார், டிரம்ப் தரப்பு கொதித்தது. விதி மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் மாநிலக் கட்சியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் பிரதிநிதிகள் பகுதியை மேசை போடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அயோவாவில் கவுண்டி மாநாடு பெரும்பாலும் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை. வசந்த விடுமுறையை ஒட்டியே வரும். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.