நாலு வயலை அறுத்து ஊர் மகசூலைச் சொல்லலாமா?

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் சம்பா சாகுபடி. பயிர்க் காப்பீட்டுக்காக எங்கள் கிராமத்தில் நாலு வயலில் மட்டும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டார்கள். ஊரில் 600 வயலுக்குக் குறையாது. நாலு வயலின் எடை எப்படி ஊரின் மகசூலாகும்? வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகள், சராசரியை மட்டும் சொன்னால் போதாது, 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறாள். அவளும் ஆனைக்கொம்பன் ஈ தாக்குதல் பற்றி 100 சம்பா வயல்களைப் பார்த்து, 30 வயலில் பாதிப்பு என்று எழுதி வைத்திருக்கிறாள். தாளடி வயல் 60 பார்த்ததில் ஒன்றில்கூட இல்லையாம். இந்த இடைவெளி என்பது என்ன? எங்களுக்கு அதனால் என்ன பயன்?

— ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. நாலு வயல் குறைவு என்று நீங்கள் சந்தேகப்படுவதும் சரி. ஆனால் ஊரில் 600 வயல் இருப்பதால்தான் நாலு போதவில்லை என்று நினைக்காதீர்கள். 600 இருந்தாலும் 6,000 இருந்தாலும் நாலு வயலின் சராசரியில் இருக்கும் தடுமாற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: வயலுக்கு வயல் மகசூல் எவ்வளவு மாறுகிறது, எத்தனை வயல் அறுத்தோம். மொத்தத்தில் எத்தனை பங்கை அறுத்தோம் என்பது, அந்தப் பங்கு மிகப் பெரிதாக இருந்தாலொழிய, கணக்கை அசைப்பதே இல்லை. படித்தவர்களும் ஏற்கத் தயங்கும் விஷயம் இது. ஆனால் ஒரு தேசம் முழுவதன் நிலையையும் சில லட்சம் குடும்பங்களைக் கேட்டே அறிய முடிவது இதனால்தான். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் வயல்களில் இதைச் செய்து காட்டிய பிறகுதான் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். உங்கள் ஊரின் எடைகளை நீங்கள் எழுதவில்லை. ஆகவே ஓர் உதாரணம். நாலு கட்டங்களிலும் காயவைத்த நெல் 9.2, 10.4, 12.6, 13.8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 11.5 கிலோ. 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. ஆக ஹெக்டேருக்கு 4,600 கிலோ. கோப்பில் ஏறுவது இந்த ஒற்றை எண்தான்.

இப்போது ஒவ்வொரு எடையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 13 வரும். நாலில் ஒன்று குறைத்து மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.08 கிலோ. இது திட்ட விலக்கம். வயலுக்கு வயல் உள்ள ஏற்றத்தாழ்வின் அளவு. இதை நாலின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்தால் 1.04 கிலோ. இது திட்டப் பிழை. இந்த நாலுக்குப் பதில் வேறு நாலு வயல் அகப்பட்டிருந்தால் சராசரி எந்த அளவுக்கு நகர்ந்திருக்கும் என்பதன் மதிப்பீடு. இந்தத் திட்டப் பிழையை ஓர் எண்ணால் பெருக்கிச் சராசரியின் இருபுறமும் கூட்டிக் கழித்தால் நம்பிக்கை இடைவெளி கிடைத்துவிடும்.

எந்த எண்ணால் பெருக்குவது? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான 1.96 பெரிய மாதிரிகளுக்கு உரியது. நாலே வயலை வைத்துக்கொண்டு 1.96-ஐப் போட்டால், 95 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 85 சதவீதம்தான் தேறும். ஏனென்றால் ஏற்றத்தாழ்வின் அளவையே நாலு எடைகளிலிருந்துதான் மதிப்பிட்டோம்; அதுவும் தடுமாறும். இதைக் கண்டுபிடித்துத் திருத்தம் சொன்னவர் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். பார்லியோடும் சில சோதனை முடிவுகளோடும் மல்லாட வேண்டியிருந்த அவருக்குப் பெரிய மாதிரிகளின் சூத்திரம் உதவவில்லை. 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்று உங்கள் மகளின் பாடநூலின் பின்பக்கத்தில் இருக்கும் டி அட்டவணை வளர்ந்தது. தானியத்தைக் கையாண்டவர்களின் தேவையிலிருந்து பிறந்த கணக்கு அது. நெல் வயலுக்குத் திரும்பி வருவதில் ஆச்சரியமில்லை.

அந்த அட்டவணைப்படி நாலு வயலுக்குரிய எண் 3.182. பெருக்கினால் 3.31 கிலோ, ஹெக்டேருக்கு 1,325 கிலோ. ஆக நாம் சொல்லத்தக்கது இவ்வளவுதான்: ஊரின் சராசரி மகசூல் 3,275-க்கும் 5,925-க்கும் இடையில்.

எவ்வளவு அகலம் பாருங்கள்! இதே ஏற்றத்தாழ்வு உள்ள ஊரில் 16 வயல் அறுத்திருந்தால் திட்டப் பிழை பாதியாகியிருக்கும். பெருக்கும் எண்ணும் 2.131 ஆக இறங்கியிருக்கும். இடைவெளி இருபுறமும் 444 கிலோவாக, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். வயல்களைப் பெருக்கப் பெருக்க இந்த லாபம் குறைந்துகொண்டே போகும். 16-இலிருந்து 64-க்குப் போனால் ஏறத்தாழ பாதிதான் சுருங்கும். மிகச் சிறிய மாதிரியில் ஒவ்வொரு கூடுதல் வயலும் பொன்னுக்குச் சமம்.

இனி அந்த 95-இன் பொருள். இதைத் தப்பாகப் புரிந்துகொள்வது மிக எளிது. ஊரில் உள்ள 95 சதவீத வயல்களின் மகசூல் இந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள் அல்ல. இடைவெளி பேசுவது ஊரின் சராசரியைப் பற்றி மட்டுமே. உங்கள் வயலில் 2,000 கிலோதான் விளைந்தது என்றால் அதை இந்தக் கணக்கு மறுக்கவில்லை, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை. ஊரின் உண்மைச் சராசரி இந்த எல்லைக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று சொல்வதும் கறாராகப் பார்த்தால் சரியல்ல. ஊரின் உண்மைச் சராசரி ஏற்கெனவே விளைந்து முடிந்துவிட்ட ஒன்று, அது நகராது. நகர்வது நம் இடைவெளி. 500 கிராமங்களில் ஒரே முறைப்படி நாலு நாலு வயல் அறுத்து ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் இடைவெளி போட்டால், அவற்றில் ஏறக்குறைய 475 தத்தம் ஊரின் உண்மைச் சராசரியை உள்ளடக்கியிருக்கும், 25 தவறவிட்டிருக்கும். எந்த 25 என்று யாருக்கும் தெரியாது. 95 என்பது முறைக்குத் தரப்படும் சான்று. இந்தக் கருத்தைத் திட்டமாக வகுத்துத் தந்தவர் யெர்சி நேமன், 1937-இல்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைக்கிறார்கள். இந்த ஆண்டு மகசூல் அதைவிட எத்தனை சதவீதம் குறைந்ததோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் இழப்பீடு. உத்தரவாத மகசூல் 5,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 4,600 என்ற ஒற்றை எண்ணின்படி இழப்பீடு 8 சதவீதம். ஆனால் இடைவெளியின் கீழ் எல்லையே உண்மையாக இருந்தால் 34.5 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். மேல் எல்லை உண்மையானால் ஒரு பைசா இல்லை. நாலு வயலிலிருந்து வந்த தகவல் இந்த மூன்றையும் பிரித்தறியும் வலிமை இல்லாதது. அந்த உத்தரவாத மகசூலும் இப்படியே அறுத்து வந்த எண்களின் சராசரி என்பதை மறக்க வேண்டாம்.

இது யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. கிராமத்துக்குக் குறைந்தது நாலு என்று திட்ட வழிகாட்டியில் இருக்கிறது. நாடு முழுக்க ஒரே அறுவடைப் பருவத்தில் இத்தனை லட்சம் கட்டங்களை அறுப்பதே பெரும்பாடு. ஆனாலும் ஒரு குடும்பத்தின் அடுத்த போகத்துக்கான முதல் இதைப் பொறுத்திருக்கும்போது, சராசரியோடு அதன் அகலத்தையும் வெளியிடுவது கடமை என்றே நான் நினைக்கிறேன். அகலம் தெரிந்தால்தான் எந்தக் கிராமத்தில் இன்னும் சில வயல்கள் அறுக்க வேண்டும் என்றாவது தெரியும்.

வயல்களைக் கூட்டாமலே அகலத்தைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு; டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. தலைமடைக்கும் கடைமடைக்கும் விளைச்சல் ஒன்றாகுமா? என் உதாரணத்தில் 9.2-உம் 10.4-உம் கடைமடை, மற்ற இரண்டும் தலைமடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நிலம் இரண்டிலும் சரிபாதி என்றால், முன்கூட்டியே ஊரை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் இரண்டு வயலைக் குலுக்கி எடுக்கலாம். அப்போது தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடு தடுமாற்றத்தில் சேராது. அந்தந்தப் பகுதிக்குள் இருக்கும் வேறுபாடு மட்டுமே சேரும். அதே நாலு எடைகள்தான், ஆனால் இடைவெளி இருபுறமும் 1,325-இலிருந்து சுமார் 730 கிலோவாகக் குறைந்துவிடும். பிரிக்காமல் விட்டால், நாலும் ஒரே மடையில் போய் விழுவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிரிவினையை அறுக்கும் முன்பே செய்ய வேண்டும். எடையைப் பார்த்துவிட்டுப் பிரித்தால் அது கணக்காகாது.

இத்தனைக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வயலையும் வயலுக்குள் கட்டத்தையும் சமவாய்ப்பு எண்ணே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், மனிதக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. 1920-களில் பீகார், ஒரிசா பகுதியில் நெல் மகசூலை மதிப்பிட்ட ஹபக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இதை வலியுறுத்தினார். பின்னாளில் ஒரிசாவின் முதல் ஆளுநர் ஆனவர் அவர். சர்வே எண்ணைக் குலுக்கி எடுப்பதும், வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து குறிப்பிட்ட காலடிகள் நீளத்திலும் அகலத்திலும் நடந்து முதல் முளைக்குச்சி அடிப்பதும் இதற்காகத்தான். சாலையோரம், வண்டி போகும் இடம், செழிப்பாகத் தெரியும் இடம் என்று நகர்த்தினால் கோணல் வந்துவிடும். கட்டத்தின் விளிம்பில் நிற்கும் குத்துகளும் அப்படித்தான். கயிற்றின் மேல் நிற்பதை உள்ளே சேர்த்து அறுக்கவே கை போகும். ஒரு சதுர மீட்டர் கட்டத்தில் விளிம்பு நாலு மீட்டர். 25 சதுர மீட்டருக்கு விளிம்பு 20 மீட்டர்தான். கட்டம் சிறுத்தால் மகசூல் கூடித் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1940-களில் இன்னொரு புள்ளியியல் அறிஞரான பி. வி. சுகாத்மே மகலனோபிசோடு விடாமல் வாதிட்டது இதைப் பற்றியே. இந்தக் கோணல்களை நம்பிக்கை இடைவெளி காட்டாது. 1,000 வயலைக் கோணலாக அறுத்தால் மிகக் குறுகிய, மிகத் தவறான இடைவெளி கிடைக்கும். ஆகவே அடுத்த முறை அறுக்க வரும்போது விவசாயிகள் உடன் நின்று பாருங்கள்: எந்த எண்ணைக் கொண்டு வயல் தேர்வானது, எங்கிருந்து எத்தனை அடி நடந்தார்கள், எடை ஈரநெல்லா காய்ந்ததா. கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

மகளின் கணக்குக்கு வருகிறேன். 100-இல் 30 என்றால் விகிதம் 0.30. 0.30-ஐ 0.70-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.046. இங்கே மாதிரி பெரிது, 1.96 போதும். ஆக 30 சதவீதம், கூட்டியும் குறைத்தும் 9. அதாவது 21-இலிருந்து 39 வரை. ஆனால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: 100 வயலும் ஊர் முழுக்கக் குலுக்கி எடுத்தவையா, அல்லது ஐந்து வாய்க்கால் ஓரமாக இருபது இருபதாகப் பார்த்தவையா? ஆனைக்கொம்பன் ஒரு வயலில் வந்தால் அடுத்த வயலிலும் வர வாய்ப்பு அதிகம். பக்கத்து வயல்கள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே வாய்க்கால் வயல்களுக்கிடையே 0.2 அளவுக்கு ஒற்றுமை இருந்தாலே, அந்த 100 வயல்கள் தரும் தகவல் குலுக்கி எடுத்த 21 வயல்களின் தகவலுக்குச் சமமாகிவிடும். இடைவெளியும் 9-லிருந்து 20 சதவீதப் புள்ளிகளாக விரியும். அப்படியானால் ஒரு வாய்க்காலில் இருபது பார்ப்பதைவிட இருபது வாய்க்கால்களில் ஐந்தைந்து பார்ப்பது மேல்.

தாளடி 60 வயலில் ஒன்றுகூட இல்லை என்பதை "பாதிப்பு 0 சதவீதம்" என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே சொன்ன சூத்திரத்தில் பூஜ்யத்தைப் போட்டால் இடைவெளியும் பூஜ்யமாகவே வரும். அந்தச் சூத்திரம் அங்கே உடைந்துவிடுகிறது. ஒன்றுமே தென்படாதபோது மூன்றைப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத மேல் எல்லை கிடைக்கும். மூன்றை 60-ஆல் வகுத்தால் 0.05. வயல்கள் பரவலாகக் குலுக்கி எடுத்தவை என்றால், "தாளடியில் பாதிப்பு 5 சதவீதத்துக்குள்" என்று அவர் எழுதலாம்.